சாளை காய்ந்த ஏரோட்ரோம்

விமானத்தில் எனக்குப் பின் வரிசையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கொழும்பை விட்டுக் கிளம்பியதிலிருந்து இரண்டு பேரும் வெயிலைத் திட்டினார்கள், காப்பியைத் திட்டினார்கள். கடலைத் தாண்டும்போது துரை ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "அதோ கீழே தெரிகிறதே, அதுதான் புயலில் போன தீவு. அங்கே இனிமேல் ஒன்றும் மிச்சமில்லை" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு பிஸ்கோத்தைக் கடித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கொழும்பில் ஓர் ஆசுபத்திரியில் பதினொரு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். துரை கையைக் காட்டிய தீவு ராமேஸ்வரம் தீவு, நான் பிறந்த இடம். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே தென்கரையில், மாதா கோயிலைச் சுற்றி நூறு வீடு கொண்ட மீன்பிடிக்கிற ஊர் எங்களுடையது. என் தங்கை ஞானம் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புயல் அடித்து மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "அக்கா, நாங்க உயிரோட இருக்கோம். வீட்டுக்குக் கூரை இல்லை. எனக்கு ஒம்பது மாசம். புள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி சொல்றா. நீ வந்தாத் தேவலை." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

பாக்கியிருந்த லீவு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். துரையைத் திரும்பிப் பார்த்து, "மிச்சமிருக்கிறது சார், என் தங்கச்சி இருக்கிறாள்" என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. வாயாடி என்று வார்டில் பேரெடுத்தவள் நான், அன்றைக்குப் பார்த்து வாய் அடைத்துப் போயிற்று.

முன்பெல்லாம் தலைமன்னாரில் கப்பலேறினால் தனுஷ்கோடியில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். இப்போது அந்தத் துறையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு வானத்தில் ஏறித் திருச்சிக்குப் போய், பிறகு பஸ் பிடித்துத் திரும்பி வர வேண்டியிருந்தது.

ராமநாதபுரத்தில் இறங்கியபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கிளப்புக் கடையில் இட்லி சாப்பிட்டேன். கொழும்பில் இடியாப்பமும் சொதியும் தின்று மரத்துப்போன நாக்குக்கு அந்தத் தேங்காய்ச் சட்னி அமிர்தமாக இருந்தது. கடைக்காரர் உத்தரகோசமங்கைப் பக்கத்துக்காரர். "எங்கனம்மா போறீக?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். மனிதர் உள்ளே போய், அடுப்பிலிருந்து இறக்கிய இட்லி முழுவதையும் வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "அங்கன போறவுக வெறுங்கையோட போகக் கூடாது" என்றார். கொழும்பில் பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் மண்டபத்துக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரியில் இடம் கிடைத்தது. டிரைவர் காதர் பாய் ஏர்வாடிக்காரர். முன்னால் ஏற்கெனவே மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்ததால் என்னை மூட்டைமேல் ஏற்றிவிட்டார். "கயித்தப் புடிச்சுக்கங்கம்மா. ரோடு கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கும். இன்ஷா அல்லா, போய்ச் சேந்துருவோம்."

கொஞ்சம் ஒரு மாதிரி என்று அவர் சொன்னது பெரிய மனதுக்காரர் பேச்சு. கண்மாய் உடைந்து ரோட்டை அங்கங்கே அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஓடையில் இறங்கி ஏறினோம். சேற்றில் சிக்கினோம். மூட்டையை இறக்கித் தள்ளினோம், மறுபடி ஏற்றினோம். ஒரு பள்ளத்தில் லாரி குதித்தபோது நான் எழும்பி, அடுத்த மூட்டையில் போய் விழுந்தேன். "இருக்கீகளாம்மா?" என்று காதர் பாய் கத்தினார். "இருக்கேன், நீங்க ரோட்டப் பாருங்க!" என்று நானும் கத்தினேன். ஒன்றரை மணி நேரப் பாதை, மண்டபம் போய்ச் சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது.

அங்கிருந்து பாம்பனுக்கு வள்ளம். ரயில் பாலம் பல் விழுந்த வாய்போல நின்றது. வாடைக்காற்று எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்கியபோது இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மருத்துவச்சி சொன்னது உண்மையாக இருந்தால், இந்த வழியாக ஞானத்தை மதுரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. பாதி வழியில் எல்லாம் முடிந்துவிடும்.

ஞானம் ஒரு பாய்மரத் துணிக்குக் கீழே படுத்திருந்தாள். நான்கு சுவர் நின்றது, கூரைக்குப் பதில் அந்தப் பாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு "கொழும்புக்காரி எளச்சுப் போயிட்டியே" என்றாள். இட்லியை ஊரே பங்கு போட்டுத் தின்றது. கையைக் கழுவிக்கொண்டு அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் தலை, இடப்பக்கம் பிருஷ்டம். மருத்துவச்சி சொன்னது சரிதான். மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன், பிள்ளை அசைந்து கொடுக்கவில்லை. வலி எடுத்துவிட்டால் ஆபரேஷன் ஒன்றுதான் வழி. ஆபரேஷன் இல்லையென்றால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அவள் புருஷன் அந்தோணி வாசலில் நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "கவலப்படாதீக மதினி," என்றான். "நம்ம ஊர்லதான் ஏரோட்ரோம் இருக்குல்ல."

நான் அவனை உற்றுப் பார்த்தேன். புயலில் மூளை கலங்கிய இரண்டு பேரை வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஆனால் ஏரோட்ரோம் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை என் கண்ணால் பார்த்தேன்.

ஊருக்கு மேற்கே ஒரு தரவை உண்டு. கோரைப்புல்லும் உடைமுள்ளும் மண்டிய வெட்டவெளி. ஆடுகூட அந்தப் பக்கம் போகாது. புயல் முடிந்த வாரத்தில் சர்க்காருடைய குட்டி விமானம் ஒன்று மேலே வந்து சப்பாத்தி மூட்டை போட்டிருக்கிறது. பாதி கடலில் விழுந்தது. கரையில் விழுந்ததும் காய்ந்து கட்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டு பிலோமி அதில் ஒன்றை இன்னும் குழம்புச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்தாள். "ஒடையவே மாட்டேங்குதுக்கா, நல்ல உருப்படி" என்றாள். பிறகு ஓர் ஓவர்சியர் வந்து, கெட்டியான தரை இருந்தால் விமானம் இறங்கியே மருந்து தரும், நோயாளியையும் ஏற்றிப் போகும் என்று சொன்னாராம். அவ்வளவு சொன்னது போதும் எங்கள் ஆட்களுக்கு.

முள்ளை வெட்டினார்கள், மேட்டைப் பள்ளத்தில் தள்ளினார்கள். தரையை அழுத்த ரோலர் வேண்டும். பாலமே இல்லாத தீவுக்கு ரோலர் எங்கிருந்து வரும்? பிலோமியின் புருஷனுடைய வள்ளம் புயலில் அடி பிளந்து கிடந்தது. பிழைத்தது ஆள் மட்டும்தான். அந்த வள்ளத்தில் பாறைக்கல்லை ஏற்றி, கரைவலைக் கயிறு இரண்டைக் கட்டி, வலை இழுக்கிற மாதிரியே இரண்டு வரிசையாக நின்று இழுத்தார்கள். பத்து நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை. நான் போய்ப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த கையோடு இழுத்தார்கள். ஓய்வு நாளில் வேலை செய்யலாமா என்று யாரோ கேட்டதற்கு மாதா கோயில் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன். கை கொப்புளித்துவிட்டது. அந்தக் கொப்புளத் தழும்பைக் கொழும்பு போன பிறகும் ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஏரோட்ரோமுக்கு அதிகாரி சவரிமுத்து மாமா. யாரும் நியமிக்கவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார். ஊரில் வலைகாரர்களுக்குத் தலைவர். நிவாரணத் துணி மூட்டையில் வந்த ஒரு காக்கிக் கோட்டை வேட்டிமேல் மாட்டிக்கொண்டு, தரவை ஓரத்தில் நட்ட கொடிமரத்தில் கட்டிய கிழிந்த பாய்மரத் துணியை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். காற்று எந்தப் பக்கம் என்று விமானத்துக்குக் காட்டத்தான் அந்தப் பாய்.

அந்தத் தரை எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதில் அவருக்கும் ஓவர்சியருக்கும் முதல் நாளே சண்டையாம். ஓவர்சியர் சிவகங்கைக்காரர், நல்ல மனிதர், ஆனால் ரோடு போட்டே பழகியவர். ரோட்டை ஒட்டிக் கிழமேலாகப் போட்டால் லாரி வரச் சௌகரியம் என்றிருக்கிறார்.

"லாரிக்கா சார் போடுறோம்?" என்று மாமா கேட்டாராம். "அந்தா பருந்து எறங்குது பாருங்க. காத்துக்கு எதுத்தாப்புலதான எறங்குது? இந்த மாசம் பூராம் வாடைதான். வாடைக்கு மொகங்குடுத்துப் போடுங்க."

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுச் சம்மதித்துவிட்டார்.

நான் ஞானத்தின் நிலைமையைச் சொன்னேன். ஓவர்சியர் அப்போதே சைக்கிளில் பாம்பனுக்குப் போய், அங்கிருந்த வயர்லெஸ்ஸில் பேசிவிட்டு வந்தார். "புதன்கிழமை காலையில விமானம் வருதும்மா. உங்க தங்கச்சிதான் இங்கேருந்து பறக்கப்போற முதல் ஆளு." அந்தோணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வலி மட்டும் அதுவரை எடுக்காமலிருக்க வேண்டுமே என்பதுதான் எனக்கு.

கொழும்பு விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு உண்டு, பளபளக்கும் தரை உண்டு, சிரிக்கிற பெண்கள் உண்டு. ஆனால் அங்கே ஒருவர்கூட அந்தத் தரையைத் தன் தரை என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் சாயங்காலமானால் ஏரோட்ரோமைக் கூட்டினார்கள். அடுப்படியைக் கூட்டுகிற மாதிரி, மூலை முடுக்கு விடாமல். ஒரு கிளிஞ்சல் கிடையாது, ஒரு முள் கிடையாது. தீவிலேயே சுத்தமான இடம் அதுதான்.

வினையும் அந்தச் சுத்தத்தில்தான் வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தென்கடலில் சாளை மீன் படை படையாக வந்தது. புயலுக்குப் பிறகு ஊரில் யாரும் வலை போடவில்லை. மிஞ்சியது நான்கு வள்ளம், ஒட்டுப்போட்ட வலை. நான்கும் போய் வழிய வழியத் திரும்பின. அன்றைக்கு நான் பார்த்த சந்தோஷத்தை எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. கோயில் பங்கை ஒதுக்கிவிட்டு நிவாரண அரிசிச் சோற்றில் பிலோமி சாளைக் குழம்பை ஊற்றினாள். புளியும் மிளகாயும் கடன் வாங்கிய குழம்பு. ஞானம் இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் மூன்று.

செவ்வாய்க்கிழமை விடிந்து நன்றாக வெயில் ஏறிய நேரம், ஞானம் என் கையைப் பிடித்தாள். "அக்கா, இடுப்புல லேசா இழுக்குது." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. சந்தேகமே இல்லை, வலிதான். புதன்கிழமைவரை தாங்காது. என்ன செய்வது என்று தெரியாமல் வெளியே வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேலே விமானம்! ஒரு நாள் முன்னாடியே! மாதாவே என்று கும்பிட்டுக்கொண்டு தரவைக்கு ஓடினேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஏரோட்ரோம் வெள்ளியாக மின்னுகிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாளை. ஒன்றன்மேல் ஒன்று படாமல், வரிசை தப்பாமல், அழகாகப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். அதற்கு மேலே பருந்தும் கடல்காக்கையும், நூறா இருநூறா தெரியவில்லை, வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

விமானம் தாழ வந்தது. பறவைக் கூட்டத்தைப் பார்த்ததும் சட்டென்று மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. மூன்று முறை வந்தது, மூன்று முறையும் ஏறியது. பிறகு வடக்கே திரும்பிப் போயே போய்விட்டது.

நான் என்ன பேசினேன் என்று முழுவதும் எனக்கு நினைவில்லை. நினைவிருக்கிற வரைக்கும் எழுதவே கூசுகிறது. கூடையோடு நின்ற பிலோமிதான் என் கண்ணில் பட்டாள். "அறிவிருக்காடி ஒனக்கு? என் தங்கச்சி உசுரைவிட மீனா பெருசு? தின்னிப் பட்டாளம்!" என்று ஊரே கேட்கக் கத்தினேன்.

பிலோமி கூடையை இறக்கி வைத்தாள். "நாளைக்கித்தான ப்ளேன்னு சொன்னாக? சாயங்காலம் அள்ளிக் கூட்டி விட்ருவோம்னு... கரையெல்லாம் ஓடும் கண்ணாடியுமாக் கெடக்கேக்கா, எங்கன போயிக் காயப்போட? இதத்தான நாங்க கழுவின தட்டாட்டம் வச்சிருந்தோம்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் என் கோபம் தணியவில்லை.

பாம்பனுக்குச் சைக்கிளில் பறந்துபோன ஓவர்சியர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். நாளைக்கு மழை பிடிக்கும் என்பதால்தான் விமானம் இன்றைக்கே வந்ததாம். மத்தியானம் இரண்டு மணிக்கு இன்னொரு தரம் வரும். அப்போதும் பறவை இருந்தால் இந்த வாரம் வராது.

ஊரே குனிந்து மீனை அள்ளியது. ஒரு மணி நேரத்தில் தரை காலி. ஆனால் பறவைகள் போகவில்லை. தரையில் ஒட்டிய செதிலையும் கவிச்சியையும் விட்டு அவை நகர்வதாக இல்லை. தகரத்தைத் தட்டினார்கள், கல்லெறிந்தார்கள், கோயில் மணியை அடித்தார்கள். எழும்பின, சுற்றின, மறுபடி வந்து உட்கார்ந்தன. ஒரு செம்பருந்து சவரிமுத்து மாமாவின் கொடிமரத்திலேயே குந்திக்கொண்டு கீழே பார்த்தது. மணி பன்னிரண்டு. ஞானத்துக்கு வலி நெருக்கமாக வர ஆரம்பித்திருந்தது.

பிலோமி தன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "அதுகளுக்குத் திங்கக் குடுத்தாத்தான் போகும்" என்றாள்.

"ஏத்தா, எங்க போற?" என்று மாமா கேட்டார்.

"வள்ளத்துல ஏத்தி, கெழக்க கொண்டுபோயிக் கடல்ல கொட்டுவோம். பின்னாலயே வந்துரும்ல."

புயலுக்குப் பிறகு ஊருக்குக் கிடைத்த முதல் மீன் அது. கூரைக்கு ஓலையும் வலைக்கு நூலும் அந்தக் கருவாட்டில்தான் வரவேண்டும். மாமா காக்கிக் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டு, "மொதப்பாடு ஆத்தா அது" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஊரில் முதல் பாடு, அதாவது வலையில் விழுகிற முதல் மீன், மாதாவுக்கு. கோயிலுக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கு. அது மாறாத வழக்கம். பிலோமி சாமியாரைப் பார்த்தாள். "மாதாவுக்குள்ளதுதான சாமி? புள்ளத்தாச்சிக்குக் குடுத்தா மாதா கோவிச்சுக்கவா போறா?"

சாமியார் பக்கத்தில் இருந்த கூடையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை. பெண்கள் கூடை கூடையாகக் கொண்டுபோய் நான்கு வள்ளத்திலும் கொட்டினார்கள். வீட்டில் எடுத்து வைத்திருந்ததையும் கொண்டுவந்தார்கள். வள்ளங்கள் கிழக்கே போயின. ஆண்கள் கை கையாக அள்ளி வீசினார்கள். முதலில் கடல்காக்கைகள் கிளம்பின. பிறகு பருந்துகள். கடைசியாக, கொடிமரத்தில் இருந்த அந்தச் செம்பருந்தும் சாவகாசமாக எழுந்து போயிற்று.

பெண்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கடல் மணலை அள்ளித் தரையெல்லாம் தூவி, செதிலை மூடி, கல்லேற்றிய வள்ளத்தை மறுபடி இழுத்தார்கள். ஆண்கள் கடலில் இருந்ததால் கயிறு முழுவதும் பெண்கள் கையில். பிலோமி என் பக்கத்தில்தான் நின்று இழுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை.

இரண்டு மணிக்கு விமானம் வந்தது. ஒரே தரம் சுற்றியது. பிறகு வாடைக்கு முகம் கொடுத்து, தரவையில் இறங்கி, குலுங்காமல் ஓடி, சவரிமுத்து மாமாவுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றது. நான் ஓவென்று அழுதேன். நர்ஸ் அழலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

விமானி தலைப்பாகை கட்டிய இளைஞர். இறங்கியதும் மூக்கைச் சுளித்து, "இது என்ன வாசனை?" என்று ஓவர்சியரிடம் இங்கிலீஷில் கேட்டார். ஓவர்சியர் அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னார். "ஏரோட்ரோம்னா அப்புடித்தான் சார் இருக்கும்" என்றார் மாமா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

விமானி தரையைக் காலால் தட்டிப் பார்த்தார், அண்ணாந்து பாயைப் பார்த்தார். "காற்றுக்கு மிகச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். எந்த எஞ்சினியர்?" என்றார். ஓவர்சியர் நினைத்திருந்தால் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் மாமாவைக் காட்டினார். விமானி விறைப்பாக நின்று ஒரு சலாம் வைத்தார். மாமாவும் வைத்தார், இடது கையால்.

ஞானத்தைக் கட்டிலோடு தூக்கி வந்து உள்ளே படுக்க வைத்தார்கள். எனக்கு மட்டும்தான் இடம். அந்தோணி கரையிலிருந்து ஓடிவந்தான், உடம்பெல்லாம் சாளைச் செதில். "பாத்துக்கங்க மதினி" என்றான். கதவு மூடிக்கொண்டது.

மேலே எழும்பியதும் விமானி கிழக்கே காட்டிக் கேட்டார். "அந்தப் படகுகள் என்ன செய்கின்றன? அள்ளி அள்ளி எதையோ கொட்டுகிறார்களே?" நான் சொன்னேன், வலையைப் பற்றி, மாதாவுக்கான முதல் மீனைப் பற்றி, எல்லாவற்றையும். அவர் கழுத்தை நீட்டி இன்னொரு தரம் கீழே பார்த்தார். "அவர்களுக்கு மேலே ஒரு சுற்று சுற்றட்டுமா?" என்றார். "வேண்டாம், நேரே போங்கள், நேரமில்லை" என்றேன். சரி என்று சொல்லி, இறக்கையை மட்டும் அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துக் காட்டினார். நான்கு வள்ளத்திலும் ஆட்கள் எழுந்து நின்று துண்டை வீசுவது தெரிந்தது. அவர்களைச் சுற்றி ஆயிரம் பறவை. இந்தப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி தரவை, அதன் ஓரத்தில் வரிசையாகப் பெண்கள். ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்ன அந்தத் துரையைத் தோளைப் பிடித்து இழுத்து ஜன்னலில் காட்ட வேண்டும்போல இருந்தது. இந்த ஊரில் பிறந்தவள் நான் என்று அவரிடம் உரக்கச் சொல்லியிருப்பேன்.

மதுரையில் பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் முடிந்தது. ஆண் குழந்தை. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் கேட்க விரும்பவில்லை.

குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனபோது அவர்களை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கொழும்பு திரும்பலாம் என்று கிளம்பினேன். பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ரயிலில், கால் நீட்டி உட்கார்ந்து, கடலை மிட்டாய் தின்றுகொண்டே தீவுக்குள் போனோம். விமானம் மருந்து கொண்டுவர இன்னும் இரண்டு தரம் வந்ததாம். பாலம் வந்த பிறகு வரவில்லை.

ஊருக்குள் நுழைவதற்கு முன் தரவையைப் பார்க்கப் போனோம். அன்றைக்கும் சாளை காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஓரத்தில், முள் வெட்டிய மேட்டில், கல்லும் கட்டியுமான இடத்தில் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தார்கள். நடுவில் அந்த நீளத் தரை, முழுவதும் காலியாக, கூட்டிப் பெருக்கிக் கிடந்தது.

"இனிமே ப்ளேன் எங்க மாமா வரப்போகுது? நடுவுல போட்டா நல்லாக் காயுமே" என்றேன்.

சவரிமுத்து மாமா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "வந்தாலும் வருவாக. யாருக்காச்சும் வேண்டியிருக்கும்ல."

அப்போது பிலோமி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பிலோமி, அன்னைக்கு நான் பேசுனது..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. ஞானத்தின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது.

"ஏலே," என்றாள் அவனிடம், "ஒரு ஊருச் சாளைய முழுங்கிட்டுல்லலே வந்து பொறந்திருக்க!"